முதியோர் வார்டிலிருந்து குழந்தைகள் பிரிவுக்கு: இங்கிலாந்துக்குப் புதிதாக வந்த செவிலியருக்கு ஒரு பதில்

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கமாக எழுதிவிடுகிறேன். இதே நிலையில் இருக்கும் மற்றவர்களுக்கும் அது உதவும். தமிழ்நாட்டில் ஒரு மாவட்டத் தலைமை மருத்துவமனையின் எஸ்.என்.சி.யு.வில் (நோயுற்ற பச்சிளங்குழந்தைகளுக்கான சிறப்புப் பிரிவில்) நான்கு ஆண்டுகள் பச்சிளங்குழந்தைகளைப் பராமரித்திருக்கிறீர்கள். இங்கிலாந்து வந்து, ஓஸ்கி என்ற செய்முறைத் தேர்வில் தேறி, செவிலியர்களைப் பதிவு செய்யும் அமைப்பான என்.எம்.சி.யின் பதிவு எண்ணான பின் நம்பரும் வாங்கிவிட்டீர்கள். ஆனால் வேலை கிடைத்தது முதியோர் வார்டில். "குழந்தைகளிடம் திரும்ப வேண்டுமானால் மறுபடியும் மூன்றாண்டுப் பட்டம் படிக்க வேண்டும் என்கிறார்களே, உண்மையா? அதற்கு முன்னால் ஆன்லைனில் சில சான்றிதழ்களைப் பணம் கட்டி வாங்கி வைத்துக்கொள்ளட்டுமா அக்கா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதல் கேள்விக்குப் பதில், உண்மையில்லை. இரண்டாவதற்கு, தயவுசெய்து வேண்டாம். முதலில் பிரிவுக்குள் போய்ச் சேருங்கள். இங்கே தொழில்முறைப் படிப்பெல்லாம் அதற்குப் பிறகுதான் வரும். பெரும்பாலும் மருத்துவமனையின் செலவிலேயே வரும்.

இந்தக் குழப்பம் ஏன் வருகிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். நம் ஊரில் ஜி.என்.எம். டிப்ளமோ படித்தாலும் பி.எஸ்சி. படித்தாலும் எல்லா வார்டுகளுக்கும் பொதுவான செவிலியராகத்தான் வெளியே வருகிறோம். குழந்தைநலம் அதில் ஒரு பாடம். பிரிட்டனில் கல்லூரியில் சேரும்போதே துறையைத் தேர்ந்தெடுத்துவிடுகிறார்கள். பெரியவர்கள், குழந்தைகள், மனநலம், கற்றல் குறைபாடு என்று நான்கு துறைகள். என்.எம்.சி. பதிவேட்டிலும் அந்தத் துறை குறிக்கப்படும். இந்தியாவிலிருந்து வரும் நம்மில் பெரும்பாலோர் பெரியவர்களுக்கான செவிலியர் என்ற பதிவோடுதான் வருகிறோம். நீங்களும் அப்படித்தான் வந்திருக்கிறீர்கள்.

அந்தப் பதிவு இருப்பதாலேயே நீங்கள் ஒரு குழந்தையைப் பராமரிக்கக் கூடாது என்று சட்டம் எதுவும் சொல்லவில்லை. வேலை கொடுப்பவர்கள்தான் கேட்கிறார்கள், அதற்குக் காரணமும் உண்டு. குழந்தைகள் வார்டில் ஒவ்வொரு ஷிஃப்டிலும் குழந்தைகள் துறையில் பதிவு பெற்ற செவிலியர் இருவராவது இருக்க வேண்டும் என்பது செவிலியர்களின் அமைப்பான ராயல் காலேஜ் ஆஃப் நர்சிங்கின் தரநிலை. அதனால் சாதாரணக் குழந்தைகள் வார்டுக்கான விளம்பரத்தில் அந்தப் பதிவைக் கட்டாயம் என்று போட்டிருப்பார்கள். அந்த விளம்பரங்களை மட்டும் பார்த்துவிட்டுத்தான் பலர் மனம் உடைகிறார்கள்.

நியோநேட்டல் பிரிவு வேறு கதை. பச்சிளங்குழந்தைகளின் பிரிவுகளில் பெரியவர்களுக்கான பதிவு உள்ள செவிலியர்களையும், குழந்தைகளுக்கான பதிவு உள்ளவர்களையும், பிரசவம் பார்க்கும் மிட்வைஃப்களையும் எடுக்கிறார்கள். உங்கள் பதிவும் அங்கே செல்லும், உங்கள் அனுபவமும் அங்கேதான் மதிக்கப்படும். அதனால் நேராக அங்கே விண்ணப்பியுங்கள்.

இங்கே நியோநேட்டல் பிரிவுகள் மூன்று படிகளாக இருக்கின்றன. சிறப்புப் பராமரிப்புப் பிரிவு, உள்ளூர் நியோநேட்டல் பிரிவு, தீவிர சிகிச்சைப் பிரிவு. 27 வாரத்துக்கு முன் பிறக்கும் குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குத்தான் போக வேண்டும். தீவிர சிகிச்சையில் இருக்கும் குழந்தைக்கு ஒரு செவிலியர், அடுத்த நிலையில் இரண்டு குழந்தைகளுக்கு ஒருவர், சிறப்புப் பராமரிப்பில் நான்கு குழந்தைகளுக்கு ஒருவர் என்பது தேசியத் தரநிலை. ஆள் பற்றாக்குறையால் எல்லா நாளும் இந்தக் கணக்கு நிறைவதில்லை. ஆனாலும் ஒரே ஷிஃப்டில், குழந்தைகளை வெதுவெதுப்பாக வைக்கும் வார்மர்களுக்கு இடையே ஓடிக்கொண்டிருந்த உங்களுக்கு இந்த எண்களைப் பார்த்தாலே நெஞ்சு நிறையும். எனக்கு நிறைந்தது.

உள்ளே சேர்ந்ததும் அடிப்படைப் பயிற்சி கொடுப்பார்கள். கொஞ்ச காலம் கழித்து க்யூ.ஐ.எஸ். என்ற சிறப்புத் தகுதிப் படிப்புக்கு அனுப்புவார்கள். ஒரு பல்கலைக்கழகத்தோடு இணைந்து, பாதி வகுப்பிலும் பாதி வார்டிலுமாக நடப்பது அது. பிரிவில் உள்ள பதிவு பெற்ற செவிலியரில் 70 சதவீதம் பேருக்காவது இந்தத் தகுதி இருக்க வேண்டும் என்று தரநிலை சொல்கிறது. அந்த அளவை எட்ட வேண்டிய கட்டாயம் மருத்துவமனைக்கு இருப்பதால், உங்களைப் படிக்க அனுப்புவது அவர்களுக்கும் தேவை. படிப்பைக் கேட்டு வாங்கத் தயங்காதீர்கள்.

விண்ணப்பத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், நம்மவர்கள் கோட்டைவிடுவது இங்கேதான். "நான்கு ஆண்டுகள் எஸ்.என்.சி.யு.வில் பணியாற்றினேன்" என்று ஒரே வரியில் எழுதினால், படிப்பவருக்கு அந்தப் பெயரே புரியாது. எத்தனை படுக்கைகள், ஒரு ஷிஃப்டில் எத்தனை குழந்தைகளைப் பார்த்தீர்கள், எவ்வளவு எடை வரை குறைந்த குழந்தைகளைப் பராமரித்தீர்கள், மூச்சுக்கு உதவும் சிபாப் கருவி, மஞ்சள்காமாலைக்கான ஒளி சிகிச்சையான போட்டோதெரபி, குழாய் வழிப் பாலூட்டல், இரத்தச் சர்க்கரை குறைந்தபோது செய்தவை, பிறந்தவுடன் மூச்சு விடாத குழந்தைக்குக் கொடுத்த முதலுதவி, எல்லாவற்றையும் தனித்தனியாக எழுதுங்கள். கங்காரு பராமரிப்பை மறக்காமல் எழுதுங்கள். 1970களின் இறுதியில் கொலம்பியாவின் போகோட்டாவில், இன்குபேட்டர் போதாத ஒரு மருத்துவமனையில் தொடங்கிய முறை அது. இன்று இங்கே எல்லாக் கருவிகளும் உள்ள பிரிவுகளும் அதையே வலியுறுத்துகின்றன. தாயின் மார்பில் குழந்தையை வைத்துக் கட்டி, மணிக்கணக்கில் கூடவே நின்றவர் நீங்கள். அதை எழுத ஏன் கூச்சம்? விளம்பரத்தோடு வரும் தகுதிப் பட்டியலை அருகில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு தகுதிக்கும் உங்கள் வேலையிலிருந்து ஒரு சான்று என்று வரிசையாக எழுதுங்கள். தேர்வு செய்பவர்கள் அந்தப் பட்டியலை வைத்துத்தான் மதிப்பெண் போடுகிறார்கள்.

விண்ணப்பிக்கும் முன் அந்தப் பிரிவில் பணியிடப் பயிற்சியைக் கவனிக்கும் பிராக்டிஸ் எஜுகேட்டருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பி, ஒரு நாள் வந்து பார்க்கலாமா என்று கேளுங்கள். இப்படிக் கேட்பதை இங்கே யாரும் தப்பாக நினைப்பதில்லை. ஆர்வம் என்றே எடுத்துக்கொள்வார்கள். உங்கள் ட்ரஸ்டிலேயே (உங்கள் மருத்துவமனையை நடத்தும் அமைப்பிலேயே) நியோநேட்டல் பிரிவு இருந்தால் உள்மாற்றம் கேட்பது இன்னும் எளிது. ஆனால் இரண்டு விஷயங்களை முன்கூட்டியே பார்த்துவிடுங்கள். விசாவுக்கான ஸ்பான்சர்ஷிப் சான்றிதழில் உள்ள தொழில் குறியீடு மாறுமா என்று மனிதவளப் பிரிவிடம் எழுத்தில் கேளுங்கள். வேறு ட்ரஸ்டுக்குப் போவதானால் புதிய ஸ்பான்சர்ஷிப்பும் புதிய விசா விண்ணப்பமும் கட்டாயம் வேண்டும். அடுத்தது, உங்களை அழைத்து வந்த செலவைத் திருப்பிக் கேட்கும் விதி ஒப்பந்தத்தில் இருக்கிறதா, எத்தனை மாதத்தில் அது தேய்ந்து தீர்கிறது என்று பாருங்கள். புரியாவிட்டால் தொழிற்சங்கத்திடம் காட்டுங்கள். சங்கத்தில் சேராமல் மட்டும் இருக்காதீர்கள்.

இப்போது சான்றிதழ்கள். நம் மக்களின் வாட்ஸ்அப் குழுக்களில் வரும் "சர்வதேசக் குழந்தைநலச் செவிலியர் டிப்ளமோ" விளம்பரங்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. முதல் சம்பளத்தில் பாதியை அதற்குக் கட்டிவிட்டு, நேர்காணலில் யாரும் அதைப் பற்றிக் கேட்கவே இல்லை என்று அழுத பெண்களை எனக்குத் தெரியும். இங்கே மதிப்புள்ளவை சில மட்டுமே. பிறந்த குழந்தைகளின் உயிர்காப்புக்கு என்.எல்.எஸ்., குழந்தைகளுக்கு இ.பி.ஏ.எல்.எஸ். அல்லது ஏ.பி.எல்.எஸ். மூன்று சான்றிதழ்களுமே நான்கு ஆண்டுகள் செல்லுபடியாகும். பிரிவில் சேர்ந்த பிறகு மருத்துவமனையே அனுப்பும். அதுவரை படிக்க ஆசையாக இருந்தால், அரசு மருத்துவச் சேவையான என்.எச்.எஸ். ஊழியர்களுக்கு இலவசமாகத் திறந்திருக்கும் இணையவழிப் பாடத் தளத்தில் குழந்தைநலப் பாடங்கள் நிறைய இருக்கின்றன. மருத்துவமனை நூலகத்தில் ஓப்பன் ஏதென்ஸ் என்ற இணையக் கணக்கு வாங்கினால் ஆய்விதழ்களும் கிடைக்கும். குழந்தைகளுக்கான மருந்துக் கையேடான பி.என்.எஃப்.சி.யை இப்போதே புரட்டத் தொடங்குங்கள். 2005 முதல் வெளிவருகிறது. கிலோவுக்கு இத்தனை மில்லிகிராம் என்ற கணக்கு உங்களுக்குக் கைவந்ததுதான், ஆனால் இங்குள்ள மருந்துப் பெயர்களும் செறிவும் வேறு.

பல்கலைக்கழகப் பாடங்களை எடுக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். 60 கிரெடிட் சேர்ந்தால் முதுநிலைச் சான்றிதழ், 120 சேர்ந்தால் முதுநிலை டிப்ளமோ, 180 சேர்ந்தால் முதுகலைப் பட்டம். க்யூ.ஐ.எஸ். படிப்பையே சில இடங்களில் பட்ட நிலையிலும் முதுகலை நிலையிலும் எடுக்கலாம். பி.எஸ்சி. இருந்தால் முதுகலை நிலையைக் கேளுங்கள். நீங்கள் ஜி.என்.எம். என்று எழுதியிருப்பதால் முதலில் பட்ட நிலையில் எடுத்து, ஆங்கிலக் கல்வி எழுத்துக்குக் கை பழகிய பிறகு மேலே போகலாம். படிப்புக்கான பணத்தையும் விடுப்பையும் ஆண்டுப் பணி மதிப்பீடான அப்ரைசலில் எழுத்தில் பதியச் சொல்லுங்கள். வாய்மொழியாகச் சொன்னது அடுத்த மேலாளர் வந்ததும் மறைந்துவிடும்.

மூன்றாண்டுக்கு ஒருமுறை என்.எம்.சி.யில் ரீவேலிடேஷன் (பதிவைப் புதுப்பித்தல்) செய்ய வேண்டும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். 450 மணி நேரப் பணி, 35 மணி நேரத் தொடர்கல்வி, அதில் 20 மணி நேரம் பிறரோடு சேர்ந்து கற்றது, ஐந்து பின்னூட்டங்கள், ஐந்து அனுபவக் குறிப்புகள். இதை ஒரு தொல்லையாகக் கடைசி மாதத்தில் எழுதுகிறார்கள். நீங்கள் இன்றிலிருந்தே எழுதுங்கள். முதியோர் வார்டில் வலியைச் சொல்ல முடியாத ஒரு நினைவிழப்பு நோயாளியின் முகத்தைப் பார்த்து வலியைக் கண்டுகொண்டீர்கள் என்றால், பேச்சு வராத குழந்தையிடமும் அதே கண்தான் வேண்டும். அந்தக் குறிப்பு நாளை நேர்காணலில் உங்கள் பதிலாகவே ஆகும்.

இனி, நான் மிக முக்கியம் என்று நினைப்பதைச் சொல்கிறேன். ஊசி போடுவதிலும் குழாய் பொருத்துவதிலும் நம் செவிலியர்கள் யாருக்கும் குறைந்தவர்கள் இல்லை. இங்கே புதிதாகக் கற்க வேண்டியது குழந்தைக்கும் பெற்றோருக்கும் உள்ள உரிமையை. பார்வை நேரம் முடிந்ததும் தாயை வெளியே அனுப்பிய காலம் இந்த நாட்டிலும் இருந்தது. மருத்துவமனையில் குழந்தைகளின் நலம் பற்றி 1959இல் வந்த பிளாட் அறிக்கைதான் குழந்தையோடு பெற்றோர் இருக்க வேண்டும் என்று வலியுறுத்தியது. இன்று நியோநேட்டல் பிரிவில் தாயும் தந்தையும் விருந்தாளிகள் அல்லர், பராமரிப்பில் பங்காளிகள். டாக்டர்கள் ரவுண்ட்ஸ் வரும்போது அவர்களும் நிற்பார்கள், கேள்வி கேட்பார்கள். 22 வாரத்தில் பிறக்கப்போகும் குழந்தைக்குத் தீவிர சிகிச்சை கொடுப்பதா வேண்டாமா என்பதைக்கூட அவர்களோடு பேசித்தான் முடிவெடுக்கிறார்கள். அந்தப் பேச்சில் அருகே அமர்ந்திருக்கும் செவிலியருக்கு மொழித் திறமையும் வேண்டும், மௌனமாக இருக்கும் திறமையும் வேண்டும்.

வளர்ந்த குழந்தைகளிடம் போனால், 1985இல், அன்று உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை அளித்த கில்லிக் தீர்ப்பு வரும். விஷயத்தை முழுதாகப் புரிந்துகொள்ளும் முதிர்ச்சி இருந்தால் 16 வயதுக்கு உட்பட்டவரும் தன் சிகிச்சைக்குத் தானே சம்மதம் தரலாம். "அம்மாவிடம் கேட்டுக்கொள்கிறேன்" என்று குழந்தையின் தலைக்கு மேலே பேசிப் பழகிய நமக்கு இது பெரிய மாற்றம். குழந்தைப் பாதுகாப்புப் பயிற்சியையும் வெறும் கட்டாயப் பயிற்சி என்று நினைக்காதீர்கள். 2000ஆம் ஆண்டு லண்டனில் விக்டோரியா கிளிம்பியே என்ற எட்டு வயதுச் சிறுமி, கூட இருந்தவர்களின் கொடுமையால் இறந்தாள். மருத்துவமனைகள், சமூகப் பணியாளர்கள், காவல்துறை எல்லோரும் அவளைப் பார்த்திருந்தார்கள். அவள் மரணம் பற்றிய லார்ட் லேமிங்கின் விசாரணை அறிக்கை 2003இல் வந்தது. இன்று நாம் ஒரு காயத்தைப் பார்த்தால் எங்கே, எந்த அளவு, பெற்றோர் என்ன காரணம் சொன்னார்கள் என்று அன்றே எழுதி, உரியவரிடம் சொல்லியே ஆக வேண்டும் என்பதன் பின்னால் அந்தச் சிறுமி இருக்கிறாள். "குடும்ப விஷயம்" என்று ஒதுங்க இங்கே இடமில்லை. ஒதுங்கவும் கூடாது.

2023 நவம்பரில் இங்கிலாந்து முழுமைக்கும் குழந்தையின் நிலை மோசமாவதை முன்கூட்டியே காட்டும் ஒரே எச்சரிக்கை மதிப்பெண் முறை வந்தது. அதில் நாடி, மூச்சு, ஆக்சிஜனோடு பெற்றோரின் கவலைக்கும் இடம் உண்டு. "குழந்தை எப்போதும் போல் இல்லை" என்று ஒரு தாய் சொன்னால் அதையும் பதிய வேண்டும். நம் ஊரில் பெரிய டாக்டரிடம் எதிர்க்கேள்வி கேட்டால் அது மரியாதைக் குறைவு. இங்கே அந்தத் தாய் சொன்னதை டாக்டரிடம் எடுத்துச் சொல்லாமல் விட்டால்தான் குற்றம். நேர்காணலில் இதைச் சுற்றித்தான் கேட்பார்கள், தயாராகப் போங்கள்.

மேலே போகும் வழிகள் பல. என்.எச்.எஸ். சம்பளப் படிநிலையில் பேண்ட் 5இல் தொடங்கி, க்யூ.ஐ.எஸ். முடித்தபின் பேண்ட் 6 பதவிகளுக்குப் போட்டியிடலாம். முதுகலை படித்து அட்வான்ஸ்டு நியோநேட்டல் நர்ஸ் பிராக்டிஷனர் ஆனால், இளநிலை மருத்துவர்களின் பணிப்பட்டியலிலேயே உங்கள் பெயர் வரும். தொப்புள்கொடி வழியே குழாய் போடுவதும், மூச்சுக்குழாய் பொருத்துவதும் உங்கள் கையில் இருக்கும். தனியாகப் பயின்று மருந்து எழுதும் உரிமையும் பெறலாம். இரவு ஷிஃப்ட் வேண்டாம் என்றால் ஹெல்த் விசிட்டர் வேலை இருக்கிறது. பெரும்பாலும் ஓராண்டு முழுநேரப் படிப்பு, எந்தத் துறைப் பதிவு உள்ள செவிலியரும் விண்ணப்பிக்கலாம். ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளை வீட்டுக்கே போய்ப் பார்க்கும் வேலை. தமிழ்க் குடும்பங்கள் அதிகம் வாழும் பகுதிகளில் நம் மொழி தெரிந்த ஒருவர் கதவைத் தட்டும்போது, பிரசவம் முடிந்து தனியாகத் தவிக்கும் ஒரு பெண்ணுக்கு எவ்வளவு ஆறுதலாக இருக்கும்!

குழந்தைகள் துறையில் இரண்டாவது பதிவே வேண்டும் என்று பின்னால் தோன்றினால், ஏற்கெனவே பதிவு பெற்றவர்களுக்குச் சுருக்கிய பாடத்திட்டம் சில பல்கலைக்கழகங்களில் உண்டு. நியோநேட்டலில் கால் ஊன்றிய பிறகு அதை யோசிக்கலாம், இப்போது அவசரமில்லை.

இந்த வாரம் மேலாளரிடம் அப்ரைசல் தேதி கேளுங்கள், நியோநேட்டல் பிரிவுக்கு அந்த மின்னஞ்சலை அனுப்புங்கள். விண்ணப்பத்தின் வரைவு தயாரானதும் எனக்கு அனுப்பினால் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து சேர்ந்தே திருத்துவோம். எஸ்.என்.சி.யு. அனுபவத்தை மட்டும் ஒரே வரியில் எழுதி அனுப்பாதீர்கள், இரண்டு பக்கமாவது வேண்டும்.

அன்புடன்,
அக்கா