ஹெம்ப் சட்டை, விதை, எண்ணெய்: எது செடியின் எந்தப் பகுதி?

கேள்வி: ஹெம்ப் துணியில் தைத்த சட்டை ஒன்று பரிசாக வந்தது. கூடவே ஹெம்ப் விதைப் பொட்டலம், ஒரு சின்னக் குப்பியில் ஹெம்ப் எண்ணெய். "இது கஞ்சாச் செடிதானே?" என்று வீட்டில் பயப்படுகிறார்கள். உடுத்தலாமா, சாப்பிடலாமா? எங்கள் அலுவலகத்தில் போதைப்பொருள் பரிசோதனை உண்டு. மாட்டிக்கொள்வேனா?

பதில்: வீட்டில் சொல்வதில் உண்மை இருக்கிறது. ஹெம்ப், கஞ்சா இரண்டுமே கன்னாபிஸ் சாட்டிவா என்ற ஒரே இனம். ரகம்தான் வேறு. போதை தரும் டிஎச்சி என்ற பொருள், பெண் பூவிலும் அதைச் சுற்றிய சிற்றிலைகளிலும் உள்ள பிசுபிசுப்பான சுரப்பிகளில் உருவாகிறது. கஞ்சா ரகப் பூக்களில் அது 10, 20 சதவீதம்கூட இருக்கும். ஹெம்ப் ரகங்களில் உலர்ந்த எடையில் 0.3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று அமெரிக்கா 2018 முதல் சட்டம் வைத்திருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்திலும் 2023 முதல் அதே அளவுதான். இந்த 0.3, எர்னஸ்ட் ஸ்மால் என்ற கனடியத் தாவரவியலாளர் 1970களில் ரகங்களைப் பிரிப்பதற்காகப் போட்ட கோடு. எல்லா நாடுகளும் அதே எண்ணை ஏற்கவில்லை.

ஹெம்ப் என்று எழுதிய எந்தப் பொருளைப் பார்த்தாலும் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இது செடியின் எந்தப் பகுதியிலிருந்து வந்தது? உங்கள் சந்தேகங்களில் முக்கால்வாசி அதிலேயே தீர்ந்துவிடும்.

சட்டை தண்டின் பட்டையிலிருந்து வந்தது. நாருக்காக வளர்க்கும் ஹெம்பை மிக நெருக்கமாக விதைப்பார்கள். கிளை விட இடம் கிடைக்காமல் மூன்று, நான்கு மீட்டர் உயரத்துக்கு ஒல்லியாக நெட்டுக்குத்தாக வளரும். அறுத்த தண்டுகளை வயலிலேயே பனியில் கிடத்துவார்கள், அல்லது தண்ணீரில் ஊறப்போடுவார்கள். நுண்ணுயிர்கள் நாரைத் தண்டோடு ஒட்டவைத்திருக்கும் பெக்டினைத் தின்றுவிட, நார் உரிந்து வரும். நாள் குறைந்தால் நார் பிரியாது, கூடினால் நாரே அழுகிவிடும். இன்றும் இந்த வேலையில் அனுபவக் கண்ணுக்குத்தான் மதிப்பு.

இந்த நார்தான் பாய்மரக் கப்பல் காலத்தைத் தாங்கியது. கயிறு, பாய், பலகை இடுக்கில் அடைக்கும் பழைய கயிற்றுப் பஞ்சு, எல்லாம் ஹெம்ப். பிரிட்டிஷ் கடற்படை 18ஆம் நூற்றாண்டில் இதற்காக ரஷ்யாவையே பெரிதும் நம்பியிருந்தது. ஆனால் ஹெம்ப் கயிறு ஈரத்தில் உள்ளுக்குள்ளேயே அழுகும், அதனால் தார் பூசியாக வேண்டும். தார் இல்லாமலே உப்புநீரைத் தாங்கும் மணிலாக் கயிறு 19ஆம் நூற்றாண்டில் வந்து அதன் இடத்தைப் பிடித்தது. மணிலா ஹெம்ப் என்று அதைச் சொன்னாலும் அது வாழைக் குடும்பத்துச் செடி, இதற்கு உறவே இல்லை. சாக்கு தைக்கிற சணலும் வேறு செடிதான்.

அப்புறம் நீராவிக் கப்பல், மலிவான பருத்தி, நைலான். அமெரிக்காவில் 1937இல் வந்த கஞ்சா வரிச் சட்டம் ஹெம்ப் விவசாயியையும் சேர்த்து நெருக்கியது. ஒரு சட்டம்தான் ஹெம்பைக் கொன்றது என்று பலர் எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. கூலி அதிகம் கேட்கும் இந்த நார் அதற்கு முன்பே சந்தையில் தளர்ந்துபோயிருந்தது. 1961ஆம் ஆண்டின் ஐ.நா. போதைப்பொருள் உடன்படிக்கையே, நாருக்கும் விதைக்கும் மட்டும் பயிரிடுவதைத் தன் கட்டுப்பாட்டிலிருந்து விலக்கி வைத்தது. பிரான்ஸ் பயிரிடுவதை நிறுத்தவே இல்லை.

ஆக, சட்டையைத் தயங்காமல் உடுத்துங்கள். தோல் வழியாகப் போதை ஏற அதில் எதுவும் கிடையாது. முதலில் கொஞ்சம் மொரமொரப்பாக இருக்கும், துவைக்கத் துவைக்க மிருதுவாகும். முதல் சலவைக்குச் சூடான தண்ணீர் வேண்டாம், சுருங்கலாம். அடுத்த முறை வாங்கும்போது துணிச்சீட்டில் சதவீதத்தைப் பாருங்கள். பருத்தி கலந்ததுதான் அதிகம். அதில் தவறில்லை, ஆனால் முழு ஹெம்ப் விலை கொடுத்து வாங்காதீர்கள்.

பட்டையை உரித்த பின் மிஞ்சும் மரச்சக்கையும் வீணாவதில்லை. குதிரை லாயத்தில் பரப்புகிறார்கள். சுண்ணாம்பு கலந்து சுவர் கட்டுகிறார்கள். அந்தச் சுவர் வெப்பத்தைத் தடுக்கும், ஈரத்தை வாங்கி வெளியே விடும். பாரம் தாங்காது, தூண் தனியாக வேண்டும். காகிதமும் பழைய கதைதான்: சீனாவில் கி.பி. 105இல் சாய் லுன் காகிதம் செய்த பொருள்களில் மரப்பட்டை, கந்தல், மீன்வலையோடு ஹெம்ப் கழிவும் இருந்தது.

விதைக்கு வருவோம். அதற்குள் டிஎச்சி உருவாவதில்லை. அறுவடையில் பூவின் பிசின் மேலே ஒட்டிக்கொள்வதுதான் சிக்கல். சரியாகச் சுத்தம் செய்யாத காலத்தில், 1990களில், சில விதை எண்ணெய்களைச் சாப்பிட்டவர்கள் பரிசோதனையில் மாட்டியதுண்டு. இப்போது ஐரோப்பிய ஒன்றியம் விதைக்குக் கிலோவுக்கு 3 மில்லிகிராம், விதை எண்ணெய்க்கு 7.5 மில்லிகிராம் என்று உச்சவரம்பு வைத்திருக்கிறது. தோல் நீக்கிய விதை 100 கிராமில் சுமார் 30 கிராம் புரதம், கிட்டத்தட்ட 50 கிராம் கொழுப்பு. நல்ல உணவு, சந்தேகமில்லை. ஒரே மூச்சில் அள்ளிச் சாப்பிட்டால் வயிறு இளகும். தினம் இரண்டு, மூன்று தேக்கரண்டி போதும்.

குப்பியில்தான் கவனம் வேண்டும். இரண்டு வேறு எண்ணெய்களை ஒரே பெயரில் விற்கிறார்கள். விதையைப் பிழிந்தது பச்சை கலந்த நிறம், கொட்டை வாசனை, சமையலறைப் பொருள். சீக்கிரம் காறும், அதனால் குளிர்பெட்டியில் வையுங்கள். பொரிக்க ஆகாது, ஆறிய உணவின் மேல் ஊற்றிக்கொள்ளலாம். இன்னொன்று பூவிலிருந்தும் இலையிலிருந்தும் எடுத்த சாறு. அதில் இருப்பது சிபிடி, இதே செடியில் உள்ள இன்னொரு பொருள். சின்னக் குப்பி, சொட்டுக்குழல், சீட்டில் மில்லிகிராம் கணக்கு இருந்தால் அனேகமாக இதுதான். சிபிடி போதை தராது. ஆனாலும் அது மருந்து போல வேலை செய்யும் பொருள். ரத்தம் உறையாமலிருக்கத் தரும் வார்ஃபரின், சில வலிப்பு மருந்துகள் ஆகியவற்றின் அளவை உடம்பில் ஏற்றிவிடும். மருத்துவரைக் கேட்காமல் தொடாதீர்கள். கர்ப்பிணிகள் தவிர்த்துவிட வேண்டும்.

சரி, பரிசோதனை. சிறுநீரில் தேடுவது டிஎச்சி உடைந்து உண்டாகும் பொருளை, சிபிடியை அல்ல. சட்டையால் ஒன்றும் வராது. சுத்தம் செய்த விதையை அளவாகச் சாப்பிட்டு மாட்டும் வாய்ப்பு மிகக் குறைவு. பூச்சாற்றில் டிஎச்சியும் கொஞ்சம் சேர்ந்து வரக்கூடும், சீட்டில் எழுதியதும் உள்ளே இருப்பதும் பல நேரம் பொருந்துவதில்லை. உங்கள் குப்பி அந்த வகை என்றால் மூடியைத் திறக்கவே வேண்டாம். அதை எடுத்துக்கொண்டு வேறு நாட்டுக்குப் பயணமும் போகாதீர்கள். ஓரிடத்தில் கடையில் கிடைப்பது இன்னோரிடத்தில் கைதுக்குரிய குற்றம்.