டி-ரெக் செல்களை வீட்டில் கூட்ட முடியுமா?

கேள்வி: உசிலம்பட்டியிலிருந்து எழுதுகிறேன். ரத்தப் புற்றுநோய்க்காக என் தம்பிக்கு எலும்பு மஜ்ஜை மாற்றி இரண்டு மாதமாகிறது. தானம் கொடுத்தது நான்தான், பாதிப் பொருத்தம். இப்போது அவனுக்கு உள்ளங்கை சிவந்து எரிகிறது. தானம் வந்த செல்கள் உடம்பைத் தாக்கும் ஜிவிஎச்டி ஆரம்பமாக இருக்கலாம் என்கிறார்கள். எதிர்ப்பை அடக்கும் டி-ரெக் செல்கள் கூடினால் இது அடங்குமாமே, சீந்தில் பொடி கொடுக்கலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். உங்கள் மஜ்ஜையோடு போன டி செல்கள் (நோயை எதிர்க்கும் ஒருவகை வெள்ளணுக்கள்), தம்பியின் தோலையும் குடலையும் ஈரலையும் அந்நியமாக நினைத்துத் தாக்குவதுதான் ஜிவிஎச்டி. 'எதிர்ப்புச் சக்தி' பொடிகள் அந்தத் தாக்குதலையே தூண்டிவிடலாம். சீந்திலால் ஈரல் கெட்டவர்களும் நம் நாட்டில் உண்டு.

டி-ரெக் பற்றி நீங்கள் கேள்விப்பட்டது தவறல்ல. டி செல்களில் ஒரு வகையான சிடி4 செல்களில் சுமார் 5 முதல் 10 சதவீதம் டி-ரெக். மற்ற டி செல்கள் பெருகுவதற்குத் தேவையான ஐஎல்-2 என்ற புரதத்தை இவை உறிஞ்சிக்கொண்டு, சண்டையை அடக்குகின்றன. இவற்றை 1995இல் அடையாளம் காட்டிய ஜப்பானிய விஞ்ஞானி சகாகுச்சிக்கு 2025இல் நோபல் பரிசு கிடைத்தது.

பாதிப் பொருத்த மாற்றில் பொதுவாக மஜ்ஜை ஏற்றிய பின் 3, 4ஆம் நாள்களில் சைக்ளோபாஸ்பமைடு என்ற மருந்தை ஏற்றுவார்கள். வேகமாகப் பெருகும் தாக்குதல் செல்கள் அதில் மடிகின்றன. டி-ரெக்கில் அம்மருந்தை முறிக்கும் நொதி அதிகம், அதனால் பிழைக்கிறது. ஆக, அதன் உதவி ஏற்கெனவே சிகிச்சைக்குள் இருக்கிறது. குறைந்த அளவு ஐஎல்-2 ஊசியால் டி-ரெக்கைப் பெருக்கியும் பார்த்திருக்கிறார்கள், ஆனால் அது நாள்பட்ட ஜிவிஎச்டிக்கு. அளவு கூடினால் தாக்கும் செல்களும் விழித்துக்கொள்ளும்.

ஜிவிஎச்டியைத் தடுக்கக் கொடுக்கும் டாக்ரோலிமஸ் மாத்திரை ஐஎல்-2 சுரப்பைக் குறைப்பதால் டி-ரெக்குக்கும் கொஞ்சம் பாதகம்தான். அதற்காக நிறுத்திவிட்டால் தாக்கும் செல்கள் கட்டவிழ்ந்துவிடும். 12 மணி நேர இடைவெளி தவறாமல் கொடுங்கள். மருந்தின் அளவு பார்க்க ரத்தம் எடுக்கும் நாளில், ரத்தம் கொடுத்த பிறகே காலை மாத்திரை. பம்ப்ளிமாஸ் பழம் ஆகாது. டாக்டரைக் கேட்காமல் மெடிக்கலில் வாங்கும் மாத்திரையும் ஆகாது. சில மருந்துகள் டாக்ரோலிமஸ் அளவை ஏற்றிவிடும்.

உள்ளங்கையைப் பகல் வெளிச்சத்தில் படமெடுத்து இன்றே மஜ்ஜை மாற்றிய மருத்துவக் குழுவுக்கு அனுப்புங்கள். மருந்து ஒவ்வாமையும் இப்படித் தோன்றும். தோலில் சிறு துணுக்கெடுத்துச் சோதிக்கும் பயாப்ஸி தேவைப்படலாம். மதுரை வெயிலில் முழுக்கைச் சட்டை, குடை இல்லாமல் வெளியே விடாதீர்கள், வெயிலே தோல் ஜிவிஎச்டியைக் கிளப்பும். பேதியானால் அளவுக் குவளையில் அளந்து எழுதுங்கள். நாளுக்கு 500 மில்லியைத் தாண்டினாலோ, மலத்தில் ரத்தம் வந்தாலோ, கண் மஞ்சளானாலோ அன்றே கூப்பிடுங்கள்.

காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் காத்திருக்க நேரமில்லை. டிஸ்சார்ஜ் சம்மரியோடு மதுரையில் பக்கத்திலுள்ள பெரிய மருத்துவமனைக்கு உடனே போங்கள், போகும் வழியிலேயே குழுவுக்குச் சொல்லிவிடுங்கள். அங்கே ரத்தமோ தட்டணுக்களோ ஏற்ற நேர்ந்தால், கதிர்வீச்சு செலுத்தியதுதான் வேண்டும் என்று கேளுங்கள். சாதாரண ரத்தத்திலுள்ள இன்னொருவரின் டி செல்களாலும் ஜிவிஎச்டி வரும்.