சீருடைப் பையில் செபமாலை, மனத்தில் ஓயாத உறுத்தல்

மதிப்பிற்குரிய ஆலோசகருக்கு, இயேசுவுக்கே புகழ்.

எனக்கு வயது 36. மருத்துவமனை ஒன்றில் செவிலியராகப் பணிபுரிகிறேன். மாதத்தில் பாதி நாள்கள் இரவுப் பணி. இரண்டு பிள்ளைகள், இளையவனுக்கு இன்னும் இரண்டு வயது நிறையவில்லை. சிறுவயது முதல் ஞாயிறு திருப்பலியைத் தவறவிடாதவள் நான். இப்போதோ மாதத்தில் இரண்டு ஞாயிறுகளாவது பணியிலேயே கழிந்துவிடுகின்றன. ஒவ்வொரு முறையும் சாவான பாவம் செய்துவிட்டேன் என்று பதறி, குருவிடம் பாவங்களை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனத்துக்கு ஓடுகிறேன். மன்னிப்புப் பெற்றுக் கோயில் வாசலைத் தாண்டுவதற்குள், 'எல்லாவற்றையும் சொன்னேனா, உண்மையாகவே மனம் வருந்தினேனா' என்ற கேள்வி எழுந்துவிடுகிறது. போன மாதம் ஒரே பாவத்தை மூன்று குருக்களிடம் அறிக்கையிட்டேன்.

செபமாலையும் அப்படித்தான். மனம் சிதறினால் அந்தப் பத்து மணிகளையும் முதலிலிருந்து தொடங்குவேன். சென்ற வாரம் நள்ளிரவில், சீருடைப் பைக்குள் கையை விட்டு மூன்றாம் மறையுண்மையை, அதாவது மூன்றாவது பத்து மணிகளை, நான்காவது தடவையாகச் சொல்லிக்கொண்டிருந்தபோது, ஒரு பெரியவர் வலி தாங்காமல் அழைத்தார். ஏழாவது மணியில் விரலை எடுத்துவிட்டு ஓடினேன். மருந்து கொடுத்ததும் அவர் உறங்கிவிட்டார். நானோ, செபத்தைப் பாதியில் விட்டதற்காக விடியும்வரை மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தேன். 'நீ செபிக்கும்போது உன் முகத்தில் பயம்தான் தெரிகிறது' என்கிறார் என் கணவர். இந்த வேலையை விட்டால்தான் நல்ல கத்தோலிக்கப் பெண்ணாக வாழ முடியுமா?

ஆலோசகரின் பதில்

அன்புள்ள சகோதரி,

நீங்கள் விரலை எடுத்த அந்த ஏழாவது மணியிலிருந்தே தொடங்குகிறேன். புனித லூயிசாவுடன் இணைந்து 1633-இல் ஏழை நோயாளிகளுக்குப் பணிபுரியப் பெண்களுக்கான ஒரு சபையைத் தொடங்கிய புனித வின்சென்ட் தே பவுல், அந்தச் சகோதரிகளுக்கு இதே சூழ்நிலைக்காகவே ஓர் அறிவுரை சொன்னார்: செப நேரத்தில் ஏழை ஒருவருக்கு மருந்து கொண்டுபோக நேர்ந்தால் கலங்காமல் போங்கள், அது கடவுளுக்காகக் கடவுளை விட்டுச் செல்வதே. அந்தப் பெரியவரிடம் ஓடியபோது நீங்கள் செபத்தைக் கைவிடவில்லை. அன்றிரவு உங்களைத் தேற்றியிருக்க வேண்டிய ஒரு நிகழ்வு, உங்களைத் துன்புறுத்தியிருக்கிறது. எனக்குக் கவலை தருவது அதுதான்.

ஞாயிறு கடமையைப் பற்றித் திருச்சபை சொல்வதை முழுமையாகத் தெரிந்துகொள்ளுங்கள். நோய், கைக்குழந்தைப் பராமரிப்பு போன்ற தக்க காரணம் உள்ளவர்களை இக்கடமை கட்டுப்படுத்துவதில்லை என்று கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி (எண் 2181) கூறுகிறது. நோயாளிகளைத் தனியே விட்டு வர இயலாத செவிலியரின் பணியும் அத்தகைய காரணமே. 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின்படி, சனிக்கிழமை மாலைத் திருப்பலியில் பங்கேற்றாலும் கடமை நிறைவேறும். அதுவும் இயலாத வாரத்தில் தனியாகவோ குடும்பமாகவோ தகுந்த நேரம் செபிக்குமாறு அதே சட்டம் பரிந்துரைக்கிறது. கனமான காரியம், முழு அறிவு, மனமார்ந்த சம்மதம் ஆகிய மூன்றும் சேர்ந்தால்தான் சாவான பாவம். பணி அட்டவணையைப் பார்த்து ஏங்கும் உங்களிடம் அந்தச் சம்மதம் எங்கே இருக்கிறது?

ஆனால் இந்த விளக்கம் உங்களுக்கு ஒரு நாளுக்குமேல் நிம்மதி தராது என்றே நினைக்கிறேன், ஏனென்றால் உங்களை வாட்டுவது அறியாமை அன்று. மனச்சான்று ஒரு தவற்றைச் சுட்டிக்காட்டி, நாம் மனந்திரும்பியதும் அமைதியடையும்; உங்களுக்குள் பேசும் குரலோ, மன்னிப்புக் கிடைத்த பிறகும் புதிய ஐயத்தோடு திரும்பி வருகிறது. இதை ஆன்மிக மரபு மிகைப்பட்ட மன உறுத்தல் என்று நெடுங்காலமாக அறிந்திருக்கிறது. இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியார் 1522-இல் ஸ்பெயினின் மன்ரேசாவில், விரிவாகப் பாவசங்கீர்த்தனம் செய்து முடித்த பின்னும், எதையோ விட்டுவிட்டோம் என்ற ஐயத்தில் உயிரையே மாய்த்துக்கொள்ளத் தோன்றும் அளவுக்கு வதைபட்டார். பழைய பாவங்களை இனி அறிக்கையிடுவதில்லை என்று முடிவெடுத்த பிறகே அவருக்கு விடுதலை கிடைத்தது. இது பக்தியின் உயர்ந்த நிலை என்று யாராவது உங்களிடம் சொன்னால் நம்பாதீர்கள்.

உளவியலில் இதை எண்ணச் சுழற்சி நோயின் (OCD) ஒரு வடிவமாகப் பார்க்கிறோம். ஐயம் பதற்றத்தைத் தருகிறது. மீண்டும் அறிக்கையிடுவதும் மணிகளை முதலிலிருந்து சொல்வதும் அந்தப் பதற்றத்தைச் சற்று நேரம் தணிக்கின்றன. தணிந்த சுகத்தினாலேயே அடுத்த ஐயம் இன்னும் வலுவாக வருகிறது. எனவே சிகிச்சையில், பதற்றத்தைத் தாங்கிக்கொண்டு அச்செயலைத் திரும்பச் செய்யாமல் இருக்கப் படிப்படியாகப் பழக்குகிறார்கள். உங்கள் நம்பிக்கையை மதிக்கும் ஒரு மனநல மருத்துவரையோ உளவியலாளரையோ கட்டாயம் சந்தியுங்கள். தேவைப்பட்டால் மருந்தும் உதவும். மருந்தின் அருமையை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இதற்கிடையில், ஒரே குருவிடம் மட்டும் செல்லுங்கள். எவ்வளவு இடைவெளியில் வர வேண்டும், எதைச் சொல்லத் தேவையில்லை என்பதை அவர் தீர்மானிக்கட்டும். 'சொன்னது போதும்' என்று அவர் சொன்னால், மனம் ஒப்பாவிட்டாலும் அதற்குக் கீழ்ப்படியுங்கள். செபமாலையில் மனம் சிதறினால் அடுத்த மணிக்குச் செல்லுங்கள், பின்னோக்கிப் போகாதீர்கள். முதல் சில நாள்கள் இது மிகக் கடினமாக இருக்கும். மூச்சு முட்டுவதுபோல் தோன்றினாலும் அந்தப் பதற்றம் தானாகவே இறங்கும்.

வேலையை விடுவது பற்றி இப்போது எந்த முடிவும் எடுக்க வேண்டாம், அச்சத்தில் எடுக்கும் முடிவுகளுக்கு இஞ்ஞாசியாரே எதிரானவர். பணி முடிந்து வீடு திரும்பும் வழியில் ஐந்து நிமிடம் அந்த இரவை நினைத்துப் பாருங்கள்: யாருக்கு ஊசி போட்டீர்கள், யார் கையைப் பிடித்துக்கொண்டீர்கள், எந்த இடத்தில் பொறுமை இழந்தீர்கள். முதலில் நன்றி சொல்லுங்கள். தவறியதை ஒரே ஒரு முறை சொல்லி ஆண்டவரிடம் விட்டுவிடுங்கள். பிள்ளைகள் விழித்ததும் அவர்கள் நெற்றியில் சிலுவை அடையாளம் வரைந்து ஆசி கூறுங்கள். களைப்போடு செய்தாலும் அது செபமே.

உங்கள் குருவிடம் இதையெல்லாம் விளக்கத் தயக்கமாக இருந்தால், உங்கள் கடிதத்தையும் இந்தப் பதிலையும் அப்படியே அவர் கையில் கொடுங்கள். ஒரு மாதம் கழித்து எனக்கு மீண்டும் எழுதுங்கள்.