வேலூர்ப் பக்கம் நிலநடுக்கம் எல்லாம் வருமா?

இங்கே நிலநடுக்கமா, லாரி போன அதிர்வாக இருக்கும் என்று வீட்டில் சொன்னார்கள் என்கிறீர்கள். வரும். 2021 நவம்பர் 29 விடிகாலை வந்தது 3.6 ரிக்டர்; பேரணாம்பட்டில் அத்தை வீட்டில் படுத்திருந்தேன், தரைக்கு அடியிலிருந்து 'டம்' என்று ஒரு சத்தம், அப்புறம் அலமாரியில் எவர்சில்வர் டம்ளர்கள் கிணுகிணுக்க, அத்தை பூனை என்று நினைத்து 'சூ' என்றார். டிசம்பரிலும் விடவில்லை.

லாரி என்றால் சத்தம் நெருங்கி வந்து விலகும், இது சட்டென்று வந்து சில நொடியில் அடங்கிவிடும். நம் நாட்டைச் சுமக்கும் பெரிய பாறைப் பாளமான இந்தியத் தட்டு வடக்கே இமயமலைப் பக்கம் முட்டிக்கொண்டே இருக்கிறது, அந்த அழுத்தம் நம்மூர்ப் பழைய பாறையின் விரிசல்களிலும் சேர்ந்து எப்போதாவது ஒன்று நழுவும், பாறை கெட்டி என்பதால் சின்ன நடுக்கம்கூட தூரம்வரை தெரியும். ஆடும்போது மட்டும் மாடிப்படியில் ஓடாதீர்கள், மேசைக்கு அடியில் போய்விடுங்கள்.