கணினி கேள்வி–பதில்: கேபிள் வழியே வரும் கிராஃபிக்ஸ் கார்டு

கேள்வி: என் மடிக்கணினியில் தண்டர்போல்ட் 3 என்ற அதிவேகக் கேபிள் இணைப்பு உள்ளது, உபுண்டு லினக்ஸ் பயன்படுத்துகிறேன். தனிப் பெட்டியில் ஒரு கிராஃபிக்ஸ் கார்டைப் பொருத்தி வெளியிலிருந்து இணைத்தால், மேசைக்கணினியில் கிடைக்கும் வேகம் விளையாட்டுகளில் கிடைக்குமா? லினக்ஸ்தான் வேகத்தைக் குறைக்கிறது என்று நண்பர்கள் சொல்கிறார்கள்.
— கல்லூரி மாணவர், ஈரோடு

பதில்: அதே வேகம் கிடைக்காது. ஆனால் அதற்கு லினக்ஸின்மேல் பழி போடுவது நியாயமன்று. விண்டோஸிலும் தரவு அதே கேபிள் வழியாகத்தான் போயாக வேண்டும். தண்டர்போல்ட் 3 விநாடிக்கு 40 கிகாபிட் என்று விளம்பரம் செய்யப்பட்டாலும், அதில் ஒரு பகுதி திரைக்காட்சிக்கென ஒதுக்கப்பட்டுவிடுவதால், கார்டுக்கு நடைமுறையில் கிடைப்பது ஏறத்தாழ 22 கிகாபிட், அதாவது விநாடிக்கு மூன்று கிகாபைட்டுக்கும் குறைவு. மேசைக்கணினியில் கார்டு நேரடியாகப் பொருந்தும், பதினாறு தரவுத் தடங்கள் கொண்ட பிசிஐ எக்ஸ்பிரஸ் 4.0 இணைப்போ ஒவ்வொரு திசையிலும் சுமார் 32 கிகாபைட்டைக் கடத்தும்.

இழப்பு எல்லா விளையாட்டுகளிலும் ஒரே அளவில் இருப்பதில்லை. ஒவ்வொரு ஃபிரேமுக்கும், அதாவது திரையில் அடுத்தடுத்து வரும் ஒவ்வொரு படத்துக்கும், கணினியின் மையச் செயலி (சிபியு) கார்டுக்குக் கட்டளைகளை அனுப்ப வேண்டியிருப்பதால், ஃபிரேம்களின் எண்ணிக்கை கூடக் கூடக் கேபிளின் சுமையும் கூடுகிறது. எனவே திரைத் தெளிவைக் குறைத்து நூற்றுக்கணக்கான ஃபிரேம்களை எதிர்பார்ப்பவருக்கே இழப்பு அதிகம். 4கே தெளிவில் கார்டே முழு மூச்சாக உழைக்கும்போது கேபிளின் குறை அவ்வளவாகத் தெரியாது.

ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். மானிட்டரைக் கார்டின் எச்டிஎம்ஐ துளையிலேயே நேரடியாக இணையுங்கள். மடிக்கணினியின் சொந்தத் திரையில் விளையாடினால், வரைந்து முடித்த படம் ஒவ்வொன்றும் கேபிள் வழியே திரும்பி வர வேண்டும். 1920க்கு 1080 அளவுள்ள ஒரு படம் சுமார் 8.3 மெகாபைட், விநாடிக்கு 144 படங்கள் என்றால் 1.2 கிகாபைட். பெட்டிக்குச் செலவழித்த பணம் வீணாகாமலிருக்க, முதலில் ஒரு நல்ல மானிட்டருக்கு ஒதுக்குங்கள்.

கேள்வி: பெட்டியை இணைத்ததும் முதலில் கார்டு தென்படவே இல்லை. பிறகு தென்பட்டது, ஆனால் இணைப்பின் வேகம் 2.5 ஜிடி (விநாடிக்கு 2.5 கிகா பரிமாற்றங்கள்) என்று கட்டளைத் திரை காட்டுகிறது. கார்டு பழுதா?
— வாசகர், மதுரை

பதில்: பழுதாக இருக்க வாய்ப்பில்லை. தண்டர்போல்ட் வழியாக வரும் கருவி கணினியின் நினைவகத்தை நேரடியாக அணுகக்கூடியது என்பதால், முன்பின் தெரியாத பெட்டியை உங்கள் ஒப்புதலின்றி இயங்க விடாமல் லினக்ஸ் தடுக்கலாம். போல்ட் என்ற சேவையில் அப்பெட்டியை ஒருமுறை பதிந்துவிட்டால் அடுத்த முறை தானாகவே ஏற்கப்படும். 2.5 என்ற எண், கேபிளுக்குள் உருவாக்கப்படும் மெய்நிகர் பிசிஐ இணைப்பு பெயரளவில் அறிவிக்கும் வேகமே தவிர, தரவு உண்மையில் பாயும் வேகமன்று. விளையாட்டை ஓட்டி ஃபிரேம்களை எண்ணிப் பார்ப்பதே சரியான சோதனை. விளையாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது மட்டும் கேபிளைப் பிடுங்காதீர்கள்.

கேள்வி: லினக்ஸுக்கு எந்த நிறுவனத்தின் கார்டு ஏற்றது? இணையவழிப் போட்டிகள் ஓடுமா?
— வாசகி, சேலம்

பதில்: என் தேர்வு ஏஎம்டி. அதன் கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவர், லினக்ஸின் உட்கருவான கெர்னலிலேயே இருக்கிறது. விளையாட்டுகள் கார்டுடன் பேசப் பயன்படும் வல்கன் என்ற பகுதியைத் திறந்த மூலத் திட்டமான மேசா தருகிறது. தனியாக எதையும் நிறுவ வேண்டியதில்லை. என்விடியா 2022இல் தன் கெர்னல் பகுதியைத் திறந்த மூலமாக்கியது என்றாலும், மீதிப் பகுதிகள் இன்னும் மூடியே உள்ளன. விண்டோஸ் விளையாட்டுகளைப் பொறுத்தவரை, அவற்றை லினக்ஸில் இயக்குவதற்காக வால்வ் நிறுவனம் 2018இல் வெளியிட்ட புரோட்டான் என்ற மென்பொருள், தனியாள் விளையாட்டுகளில் மிகப் பெரும்பாலானவற்றை நன்றாகவே ஓட்டுகிறது. தடையாக நிற்பது போட்டி விளையாட்டுகளின் ஏமாற்றுத் தடுப்பு மென்பொருள்தான். வாலரண்ட் லினக்ஸில் ஓடாது. முன்பு ஓடிக்கொண்டிருந்த ஏபெக்ஸ் லெஜெண்ட்ஸும் 2024இல் லினக்ஸ் ஆதரவை விலக்கிக்கொண்டது. நீங்கள் விளையாடுவது இவற்றைத்தான் என்றால், எவ்வளவு விலையுயர்ந்த கார்டை வாங்கினாலும் பயன் இராது.