ஆபரேஷன் பில்லைக் கட்டியதும் கணக்கு முடியவில்லை

கேள்வி: என் அம்மாவுக்கு 66 வயது. மலக்குடல் இறக்கத்துக்காக மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஆபரேஷன் செய்து 12 நாளாகிறது. பில் 1,90,000 ரூபாய். பாலிசி ஐந்து லட்சத்துக்கு இருந்தும் 1,29,000 ரூபாய்தான் தந்தார்கள். பாலிசியில் அறை வாடகை வரம்பு நாளுக்கு 5,000, நாங்கள் எடுத்தது 8,000 ரூபாய் அறை. இப்போது மலம் கழிக்கும்போது ரத்தம் வருகிறது. மறுபடி சேர்த்தால் இன்ஷூரன்ஸ் கிடைக்குமா? அப்பாவின் எழுபது வயதுச் சடங்கான பீமரத சாந்திக்காக எட்டு மாதம் முன்பு போட்ட நான்கு லட்ச ரூபாய் டெபாசிட்டை உடைக்கலாமா?
- ஒரு வாசகர், தேவகோட்டை

பதில்: முதலில் ரத்தம், அப்புறம் பணம். நான் மருத்துவன் இல்லை. ஆனால் எங்கள் பெரியாத்தா இப்படி ஒரு ஆபரேஷனுக்குப் பிறகு ரத்தக்கறைத் துணிகளை இரண்டாங்கட்டில் துவைகல்லுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தார். "ஏற்கெனவே அம்புட்டுச் செலவு" என்பதுதான் காரணம். தலைசுற்றி உட்கார்ந்த பிறகே எங்களுக்குத் தெரிந்தது. கடைசியில் ரத்தம் ஏற்ற வேண்டியதாயிற்று, செலவும் கூடியது.

முதல் ஓரிரு வாரம் மலத்தோடு கொஞ்சம் கறையாக ரத்தம் தெரிவது வழக்கம்தான். இருந்தாலும் ஆபரேஷன் செய்த டாக்டருக்கு இன்றே போன் போடுங்கள். ரத்தம் உறையாமலிருக்க உங்கள் அம்மா மாத்திரை சாப்பிடுகிறார் என்றால் அதையும் சொல்லுங்கள். கட்டி கட்டியாக வந்தாலோ, நிற்காமல் வந்தாலோ, மயக்கம், காய்ச்சல், சிறுநீர் போகாமை எது இருந்தாலும் போனெல்லாம் வேண்டாம், வண்டியை எடுங்கள்.

சரி, இன்ஷூரன்ஸ். மறுபடி சேர்த்தாலும் உண்டு. உங்கள் பாலிசியில் இன்னும் 3,71,000 ரூபாய் இருக்கிறது. கடைசியாக டாக்டரைப் பார்த்த நாளிலிருந்து 45 நாளுக்குள் அதே நோய் திரும்பினால் ஒரே நோயாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். ஆகவே இந்த நோய்க்கென்று தனி உச்சவரம்பு இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். அவசரமாகச் சேர்த்தால் 24 மணி நேரத்துக்குள் கம்பெனிக்குத் தகவல் சொல்லிவிடுங்கள். டாக்டர் பார்த்துவிட்டு மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டாலும் அந்தச் செலவு வீணில்லை. டிஸ்சார்ஜுக்குப் பிந்தைய செலவாக, பல பாலிசிகளில் 60 நாள் வரை கேட்கலாம். டாக்டர் சீட்டு, மருந்துக்கடை பில், பரிசோதனை ரசீது எல்லாம் அசலாக வேண்டும். மலமிளக்கி பாட்டிலுக்கும் பில் கேளுங்கள். சில்லறைக் காசு என்று விடாதீர்கள்.

பிடித்த 61,000 ரூபாயை இன்னொரு முறை பாருங்கள். 8,000 ரூபாய் அறை எடுத்ததால் மற்ற கட்டணங்களையும் எட்டு ரூபாய்க்கு ஐந்து ரூபாய் என்ற கணக்கில் குறைத்திருப்பார்கள். டாக்டர் கட்டணத்தில் அப்படிக் குறைக்கலாம். மருந்து, பரிசோதனை, ஆபரேஷனில் உடலுக்குள் வைத்த வலை (மெஷ்) ஆகியவற்றில் குறைக்க விதி இடம் தரவில்லை. பிடித்தம் எதற்கு எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள். சரியான பதில் வராவிட்டால் கம்பெனியின் குறைதீர்ப்புப் பிரிவு, அதற்கு மேல் சென்னையில் உள்ள இன்ஷூரன்ஸ் குறைதீர்ப்பாளர். மறுபடி சேர்க்க நேர்ந்தால் 5,000 ரூபாய்க்குள் அறை எடுங்கள், கௌரவம் பார்க்க வேண்டாம்.

இன்ஷூரன்ஸ் தராத செலவும் இருக்கிறது. நான்கிலிருந்து ஆறு வாரம் அம்மா தண்ணீர்க் குடத்தைத் தூக்கக் கூடாது, முக்கவும் கூடாது. வீட்டோடு ஓர் ஆள் வேண்டும். அந்தச் சம்பளம், மதுரைக்குப் போய்வரும் கார் வாடகை, எல்லாம் உங்கள் கைக்காசுதான். இரண்டு மாதத்துக்கு 50,000 ரூபாய் ஒதுக்குங்கள்.

அதற்காக டெபாசிட்டை உடைக்காதீர்கள். ஒரு வருட டெபாசிட், ஏழு சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். இப்போது உடைத்து ஐந்து சதவீதம்தான் கிடைத்தால் 5,300 ரூபாய் போல நஷ்டம். அதன்மேலேயே 50,000 ரூபாய் கடன் வாங்கினால், எட்டு சதவீதத்தில் நான்கு மாதத்துக்கு வட்டி 1,333 ரூபாய். சாந்திப் பணமும் முதிர்வு வரை அப்படியே கிடக்கும். உங்கள் வங்கியின் வட்டி சற்று மாறலாம், கிளையில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். அதற்கு முன்னால், டாக்டருக்கு அந்த போன்.