முதலில் முதுகை அளந்து பாருங்கள்: ட்ரெக்கிங் பை பற்றிக் கேள்வி பதில்

பல வருடங்களாக மலை ஏறுகிறேன். நடுவில் கொஞ்ச காலம் ட்ரெக்கிங் சாமான்களை வாடகைக்குக் கொடுக்கும் இடத்தில், வருகிறவர்களுக்குப் பையைப் பொருத்திவிடுவதுதான் என் வேலை. அதனால் இந்த விஷயத்தில் கொஞ்சம் வாயாடுவேன். கேளுங்கள்.

கேள்வி: அக்கா, முதல் தடவை போறேன். நண்பனும் நானும், இரண்டு ராத்திரி டென்ட்டில் தங்கணும். 50 லிட்டர் பை போதுமா, பிறகும் உதவும்னு 70 வாங்கிடவா?

50 தாராளம். காலையில் ஏறி சாயங்காலம் இறங்குவதற்கு 20 முதல் 30 லிட்டர், ஓரிரு ராத்திரிக்கு 35 முதல் 50, நாலைந்து நாளுக்கு 50 முதல் 70. கடுங்குளிர் என்றால் துணியும் ஸ்லீப்பிங் பேகும் தடிமனாகிவிடும், கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள். "பிறகு உதவும்" என்று வாங்கிய பெரிய பை காலியாக இருந்து நான் பார்த்ததே இல்லை. இடம் இருக்கிறதே என்று எதையாவது திணிப்போம், அதையும் நாமேதான் சுமப்போம்.

இந்தக் கணக்கையெல்லாம் விட நல்ல வழி ஒன்று உண்டு. கொண்டுபோகிற எல்லாவற்றையும் ஒரு அட்டைப் பெட்டியில் நெருக்கி அடுக்குங்கள். நிரம்பிய நீளம், அகலம், உயரத்தை செ.மீ.யில் அளந்து பெருக்கி 1000-ஆல் வகுத்தால் லிட்டர் வந்துவிடும். 40 × 30 × 40 என்றால் 48 லிட்டர். அதாவது மற்ற சாமான்களை எல்லாம் வாங்கிய பிறகு கடைசியாகத்தான் பை வாங்க வேண்டும். பெரும்பாலானவர்கள் தலைகீழாகச் செய்கிறார்கள்.

கேள்வி: என் உயரம் 6 அடி. கண்ணை மூடிக்கொண்டு லார்ஜ் வாங்கலாம்தானே?

கண்ணைத் திறந்து வாங்குங்கள்! பையில் போட்டிருக்கும் ஸ்மால், மீடியம், லார்ஜ் எல்லாம் உங்கள் முதுகின் நீளத்தைச் சொல்கிறது. பையின் கொள்ளளவையும் அது சொல்லாது, உங்கள் உயரத்தையும் சொல்லாது. ஒரே உயரமுள்ள இருவரில் ஒருவருக்குக் கால் நீளம், இன்னொருவருக்கு முதுகு நீளம். நானும் உயரம்தான், கால்தான் நீளம். என் முதல் பையை ஒரு கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு லார்ஜ் என்று கொடுத்தார். இடுப்பில் உட்கார வேண்டிய பெல்ட் வழுக்கிக்கொண்டு பின்புறத்துக்குப் போய்விட்டது, பாரம் முழுவதும் தோளில் தொங்கியது. முதல் நாள் ராத்திரி தலை பின்னுவதற்குக் கையைத் தூக்க முடியவில்லை.

அளக்கக் கூட ஒருவர் வேண்டும். தலையை முன்னால் குனியுங்கள். கழுத்தும் முதுகும் சேருமிடத்தில் ஒரு எலும்பு துருத்தும், அதுதான் மேல் முனை. பிறகு இரண்டு கையையும் இடுப்பில் ஊன்றுங்கள், கட்டைவிரல் முதுகுப் பக்கம் இருக்கட்டும். கை இடுப்பெலும்பின் மேல் விளிம்பில் உட்கார வேண்டும், பக்கவாட்டுச் சதையில் இல்லை. இரண்டு கட்டைவிரலையும் சேர்த்து ஒரு கோடு போட்டதாக நினைத்துக்கொண்டால், அது முதுகெலும்பைத் தொடும் இடம் கீழ் முனை. தையல்காரர் டேப்பை முதுகின் வளைவோடு ஒட்டிப் பிடித்து அளக்கச் சொல்லுங்கள். நிமிர்ந்து நில்லுங்கள், ஆனால் விறைக்காதீர்கள்.

கேள்வி: மேலே கேட்ட 6 அடி ஆள்தான். மனைவி மூன்று முறை அளந்தாள், 47 செ.மீ. நான் பார்த்து வைத்த பையின் அட்டவணையில் அது மீடியம்!

பார்த்தீர்களா! ஆனால் அந்த அட்டவணை அந்த கம்பெனிக்கு மட்டும். இன்னொரு கம்பெனியில் இதே 47 வேறு சைஸில் வரலாம். இரண்டு சைஸுக்கு நடுவில் மாட்டிக்கொண்டால் முதுகு நீளத்தைக் கூட்டிக் குறைக்கிற வகையைப் பாருங்கள். எடை சற்றுக் கூடும், பரவாயில்லை.

கேள்வி: இடுப்பு பெல்ட்டை பேன்ட் பெல்ட் போடுகிற இடத்தில்தான் கட்டுகிறேன். சரியா?

அநேகமாக இல்லை. நாம் பேன்ட்டை எலும்புக்குக் கீழே கட்டுகிறோம். பையின் பெல்ட் அந்த இடுப்பெலும்பின் மேலேயே உட்கார வேண்டும், பஞ்சுப் பகுதியின் பாதி எலும்பு விளிம்புக்கு மேலும் பாதி கீழும் வருகிற மாதிரி. பக்கிள் தொப்புள் பக்கத்தில் வரும். வயிற்றில் கட்டினால் மூச்சு முட்டும், கீழே கட்டினால் தொடையைத் தூக்கும்போதெல்லாம் உரசும்.

இதை ஏன் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன் என்றால், நன்றாகப் பொருந்திய பையில் பாரத்தின் முக்கால் பங்கை இடுப்புதான் தாங்குகிறது. தோள் வார்களின் வேலை பையை முதுகோடு அணைத்துப் பிடிப்பது மட்டுமே.

இறுக்குவதற்கும் ஒரு வரிசை இருக்கிறது. எல்லா வார்களையும் தளர்த்திவிட்டுப் பையை மாட்டுங்கள். தோளை லேசாகத் தூக்கி, பெல்ட்டை எலும்பில் வைத்து முதலில் அதைக் கட்டுங்கள். தோளை இறக்குங்கள். பிறகு தோள் வார்களைக் கீழ்ப்பக்கமாக இழுங்கள், தோளைச் சுற்றி இடைவெளி இல்லாமல் படிந்தால் போதும். கடைசியாக மார்பு வார், காறை எலும்புக்கு ஓர் அங்குலம் கீழே. தோள் வாரை முதலில் இழுத்தால் பை மேலே ஏறி, பெல்ட்டுக்கு வேலையில்லாமல் போய்விடும்.

கேள்வி: தோள் வாருக்கு மேலே பையோடு இணைத்து ஒரு குட்டி வார் இருக்கே, அது எதுக்கு?

லோட் லிஃப்டர் என்பார்கள். பையின் தலைப்பகுதி பின்னால் சாயாமல் இழுத்துப் பிடிக்கும். பக்கத்திலிருந்து பார்த்தால் அது தோளிலிருந்து பையை நோக்கிச் சாய்வாக, ஏறக்குறைய 45 டிகிரியில் ஏற வேண்டும். படுத்துக்கொண்டே போனாலோ கீழ்நோக்கி இறங்கினாலோ பை உங்கள் முதுகுக்குக் குட்டை. ரொம்ப இழுத்துவிடாதீர்கள், தோள் முனையில் வலி பிடிக்கும்.

கேள்வி: ஒரு மணி நேரம் நடந்தால் விரல்கள் மரத்துப் போகின்றன. பையை மாற்றணுமா?

மாற்றும் முன் தோள் வாரையும் மார்பு வாரையும் தளர்த்திப் பாருங்கள். முக்கால்வாசிப் பேருக்குப் பெல்ட் தொளதொளவென்று இருக்கும், தோள் மட்டும் கட்டிப்போட்டது போல இருக்கும். நேர்மாறாக, தொடையின் வெளிப்பக்கம் மரத்தால் பெல்ட் அதிக இறுக்கம், அங்கே போகிற நரம்பை அழுத்துகிறது. தளர்த்தியும் பையைக் கழற்றியும் மரப்பு போகவில்லை என்றால் டாக்டரைப் பாருங்கள்.

கேள்வி: பெண்களுக்கென்று தனிப் பை விற்பது வெறும் கலர் வித்தையா அக்கா?

சில பைகளில் கலர்தான். ஒழுங்காகச் செய்த பையில் முதுகு நீளம் குறைவாக இருக்கும், தோள் வார்கள் மார்புக்கு இடம்விட்டு வளைந்திருக்கும், பெல்ட் இடுப்பின் விரிவுக்கேற்பச் சாய்ந்திருக்கும். ஆனால் அது பொதுவாகப் பெண்களுக்கு என்று கணக்குப் போட்டது. எனக்கு ஆண்கள் பைதான் பொருந்துகிறது. சின்ன முதுகுள்ள ஆண்கள் வெட்கப்படாமல் பெண்கள் பையைப் போட்டுப் பார்க்கலாம்.

கேள்வி: பை சரியான சைஸ்தான். ஆனாலும் யாரோ பின்னால் பிடித்து இழுக்கிற மாதிரி இருக்கு.

அடுக்கியதில் தப்பு. ஸ்லீப்பிங் பேக் அடியில். கனமானவை, அதாவது சமையல் சாமான், சாப்பாடு, தண்ணீர், நடுவில் முதுகை ஒட்டி. துணிமணி அவற்றைச் சுற்றி. உங்கள் பையின் வெளிப்பாக்கெட்டில் இரண்டு லிட்டர் பாட்டில் தொங்குகிறது என்று பந்தயம் கட்டுகிறேன். அதுவே இரண்டு கிலோ.

கேள்வி: எவ்வளவு எடை தூக்கலாம்?

ராத்திரி தங்கும் பயணத்துக்கு உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கு, 60 கிலோ ஆளுக்கு 12 கிலோ. பகல் நடைக்கு அதில் பாதி. இது தண்ணீரையும் சேர்த்து.

கேள்வி: கடையில் போட்டபோது பஞ்சு மாதிரி இருந்தது. மலையில் அழவைத்துவிட்டது. ஏன்?

காலிப் பை எல்லோருக்கும் பொருந்தும். கடையில் கேட்டு ஏழெட்டு கிலோ உள்ளே போட்டு, இருபது நிமிடம் நடந்து, படி ஏறி இறங்கிப் பார்க்க வேண்டும். குனியுங்கள், தலையை நிமிர்த்தி மேலே பாருங்கள், பை பின்மண்டையில் இடிக்கிறதா என்று தெரியும். ஆன்லைனில் வாங்கியிருந்தால் லேபிளைக் கிழிக்காமல் வீட்டுக்குள்ளேயே தண்ணீர் பாட்டில்களைப் போட்டு நடங்கள். அசடு வழிகிற மாதிரி இருக்கும், வீட்டில் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

கேள்வி: அக்கா, முதல் கேள்வி கேட்டவன். பெட்டியில் அடுக்கிப் பார்த்தேன், 53 லிட்டர் வந்துவிட்டது. டென்ட் முழுசும் அதில் இருக்கு.

டென்ட்டை இரண்டு பேரும் பிரித்துக்கொண்டால் 50-க்குள் அடங்கிவிடும். துணி ஒருவர், கம்பியும் ஆணியும் இன்னொருவர். ஆனால் கிளம்பும் முன் இரண்டு பைகளையும் திறந்து சரிபாருங்கள். கம்பி உன்னிடம் இருக்கும் என்று நானும், என்னிடம் இருக்கும் என்று தோழியும் நினைத்து ஆறு மணி நேரம் ஏறியிருக்கிறோம். அன்றைக்கு டென்ட் துணியைப் போர்த்திக்கொண்டுதான் படுத்தோம்.